மாமாவுக்கு 0.9, அப்பாவுக்கு 3,400

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்நூறு ரப்பர் மரம் இருக்கிறது. அவரே பால் வெட்டுவார். பத்து வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. ஏழு வாரத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இதயத்தை நிறுத்தி, மெஷினில் போட்டு, மூன்று பைபாஸ் செய்தார்கள். அம்மாவின் தம்பி குளச்சலில் இருக்கிறார். அவருக்கு ஐந்து மாதத்துக்கு முன் வேறொரு மருத்துவமனையில் இதயத்தை நிறுத்தாமலே இரண்டு பைபாஸ் செய்தார்கள். இருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ட்ரோபோனின் என்ற இடத்தில் மாமாவுக்கு 0.9, அப்பாவுக்கு 3,400. "இதயத்தை நிறுத்தினால் தசை செத்துப்போகும். புதிய முறையில் செய்திருக்க வேண்டும். ஏமாந்துவிட்டீர்கள்" என்று மாமா சொன்ன நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அப்பாவின் இதயம் கெட்டுவிட்டதா? அவர் இனிப் பால் வெட்டப் போகலாமா? தாள்களின் படங்களை இணைத்திருக்கிறேன். இன்னொன்று: அப்பாவின் இடது கால் மட்டும் மாலையில் வீங்குகிறது, அது எதனால்?
— ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

மீதியைப் படிப்பதற்கு முன் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டு வாருங்கள்: நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தவரை, அறுவையின்போது அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததற்கான தடயம் எனக்குத் தென்படவில்லை. ஆளை நேரில் பார்க்காத மருத்துவன் அதற்கு மேல் சொல்லக் கூடாது. ஆனால் இவ்வளவையும் அழுத்தமாகவே சொல்கிறேன்.

நான் இதய அறுவைகளில் மயக்க மருந்து கொடுப்பவன். கத்தி பிடிக்கிறவன் அல்ல, தலைமாட்டில் நிற்கிறவன். இதயத்தை நிறுத்திச் செய்வதையும் நிறுத்தாமல் செய்வதையும் அதே இடத்தில் நின்று பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். எந்த முறை உசத்தி என்று அறுவை நிபுணர்கள் போடும் சண்டையில் எனக்குக் கட்சி கிடையாது.

முதலில் அந்த இரண்டு எண்கள். ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம்; தசைக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசியும். மாமாவின் தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள். 0.9 என்பதை ஒட்டிப் பொடி எழுத்தில் ஓர் அலகு இருக்கிறது: மில்லிலிட்டருக்கு நானோகிராம். அப்பாவின் தாளில் இருப்பது லிட்டருக்கு நானோகிராம். ஒரு கடைக்காரர் உங்கள் ரப்பர் ஷீட்டைக் கிலோவில் எழுதுகிறார், இன்னொருவர் கிராமில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் அலகுக்கு மாற்றினால் மாமாவின் 0.9 என்பது 900. நாலாயிரம் மடங்கு என்று வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்த வித்தியாசம், ஓர் ஆயிரத்தால் பெருக்கியவுடன் நாலு மடங்குக்குள் வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. மாமாவுக்குப் பார்த்தது ட்ரோபோனின் டி. அப்பாவுக்குப் பார்த்தது ட்ரோபோனின் ஐ. இரண்டும் இதயத் தசைக்குள் இருக்கும் புரதங்கள்தான். ஆனால் இரண்டும் ரத்தத்தில் ஒரே அளவில் ஏறுவதில்லை, ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை. அப்பாவின் தாளில் இயல்பின் மேல் எல்லை 26 என்று அச்சிட்டிருக்கிறார்கள். டி வகையின் நுண் சோதனைக்கு வழக்கமான எல்லை 14. ஷீட்டையும், மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலையும் ஒரே தராசில் போட்டு ஒரே விலை கேட்க முடியுமா? இன்னும் ஒன்று: அப்பாவின் ரத்தம் அறுவை முடிந்த பன்னிரண்டாம் மணி நேரத்தில் எடுத்தது, எண் உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நேரம். மாமாவுடையது மூன்றாம் நாள் காலையில் எடுத்தது. வகை வேறு, அலகு வேறு, நேரம் வேறு. இந்த ஒப்பீட்டை இத்துடன் விட்டுவிடலாம்.

ஆனால் மாமா சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைப்பது சரியல்ல. ஒரே வகைச் சோதனையை, ஒரே நேரத்தில், இரண்டு முறைகளிலும் செய்து பார்த்த ஆய்வுகளில், இதயத்தை நிறுத்தாமல் செய்தவர்களுக்கு ட்ரோபோனின் பொதுவாகக் குறைவாகவே ஏறியிருக்கிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் அரங்குக்குள் ஒருமுறை என்னோடு வர வேண்டும்.

நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை மூடியிருக்கும் உறையைத் திறந்ததும் அது தெரியும்: மஞ்சள் கொழுப்பு படர்ந்த, ஓயாமல் முறுக்கி அவிழ்கிற ஒரு தசைமுடிச்சு. நிறுத்தும் முறையில், ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் வேலையை இதய-நுரையீரல் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். பிறகு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியில் கிளாம்ப் என்ற இடுக்கியைப் போடுவார்கள். அந்த நொடியிலிருந்து இதயத் தசைக்கு ரத்தம் இல்லை. உடனே பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தை இதயத்தின் சொந்தத் தமனிகளுக்குள் செலுத்துவார்கள். கார்டியோப்ளீஜியா என்று பெயர். என் திரையில் ஈசிஜி கோடு அகன்று, தளர்ந்து, ஒரு நிமிடத்துக்குள் நேர்கோடாகிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஒரு நிமிடம் நான் பேச மாட்டேன்.

துடிக்காத இதயத்துக்குச் செலவும் குறைவு. துடிப்பை நிறுத்திய மட்டிலேயே அதன் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது; குளிர்ச்சி அதை இன்னும் குறைக்கிறது. அதனால்தான் ஒரு மணி நேரம் ரத்தமில்லாமல் தாக்குப்பிடிக்கிறது. மாமா நினைப்பது போல நிறுத்துவது தசையைக் கொல்லும் வேலை அல்ல, தசையைக் காக்கும் வேலை. ஆனாலும் காப்பு முழுமையானது அல்ல. அடைபட்ட தமனிக்கு அப்பால் திரவம் சரியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். அதற்காகச் சிரை வழியாகப் பின்பக்கமாகவும் செலுத்துவதுண்டு. கிளாம்பை எடுத்தவுடன் திரும்பி வரும் ரத்தமே சில செல்களுக்குள் கால்சியத்தைக் கொட்டிச் சிறிது கேடு செய்யும். இயந்திரத்தின் குழாய்களைத் தொட்டு வந்த ரத்தம் உடம்பில் ஓர் அழற்சியைக் கிளப்பும். இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கசிவு.

நிறுத்தாத முறையில் இயந்திரம் அறையின் மூலையில் தயாராக நிற்கும், பெரும்பாலும் தொடப்படாமலே. தையல் போட வேண்டிய இடத்தின் இருபுறமும் இரண்டு விரல் போன்ற ஒரு கருவி தசையைப் பிடித்துக்கொள்ளும். மொத்த இதயமும் குதித்துக்கொண்டிருக்க, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் ஏறத்தாழ அசையாமல் இருக்கும். அங்கே, தலைமுடியைவிட மெல்லிய நூலில், ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் குழாயில் தையல். அந்தச் சில நிமிடங்களுக்கு அந்த ஒரு தமனியில் மட்டும் ரத்தம் நிற்கும், அல்லது உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி ஓட விடுவார்கள். முழு இதயமும் பட்டினி கிடப்பதில்லை. ட்ரோபோனின் குறைவதற்குக் காரணம் இதுதான். ஆனால் பின்பக்கத் தமனிக்காக இதயத்தைத் தூக்கிச் சாய்க்கும்போது ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கும். அப்போது கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்தி, மருந்தைக் கூட்டி, "கொஞ்சம் கீழே விடுங்கள் டாக்டர்" என்று கேட்பது என் வேலை. சமாளிக்க முடியாமல் நடுவில் அவசரமாக இயந்திரத்துக்கு மாறுவதும் உண்டு. அந்த அவசர மாற்றம் இரண்டு முறைகளையும்விட ஆபத்தானது. இரண்டுக்கும் நடுவே, இயந்திரத்தையும் இணைத்து இதயத்தையும் துடிக்க விட்டுச் செய்யும் மூன்றாவது முறையும் இருக்கிறது. மிகவும் பலவீனமான இதயங்களுக்குச் சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

"புதிய முறை" என்று மாமா சொன்னாராம். அவர் அறியாத ஒரு வேடிக்கை: பைபாஸில் பழைய முறையே அதுதான். 1964இல் லெனின்கிராடில் கொலெசோவ் என்ற மருத்துவர் மார்பின் உள்தமனியை இதயத் தமனியோடு தைத்தது துடிக்கும் இதயத்தில். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபாவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையை வைத்துச் செய்யத் தொடங்கிய பிறகு, இயந்திரத்தோடு நிறுத்திச் செய்வது உலகெங்கும் பரவியது. நம் நாட்டின் முதல் பைபாஸை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். எண்பதுகளில் தென் அமெரிக்காவில் சிலர் நிறுத்தாத முறையைத் தூசிதட்டி எடுக்க, நல்ல கருவிகள் வந்த பிறகு நம் ஊர்களிலும் அது பரவியது.

சரி, ட்ரோபோனின் குறைவாக ஏறுகிறதே, அப்படியானால் ஆயுள் கூடுகிறதா? கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். இதற்காகவே 19 நாடுகளில் 79 மருத்துவமனைகளில் 4,752 நோயாளிகளைக் குலுக்கல் போல இரு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2012இல் வெளிவந்த முப்பது நாள் முடிவில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் நிறுத்தாத பிரிவில் 9.8 சதவீதம், நிறுத்திய பிரிவில் 10.3 சதவீதம். புள்ளிவிவரக் கணக்கில் வித்தியாசம் இல்லை. நிறுத்தாதவர்களுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் முப்பது நாளுக்குள் மறுபடி அடைப்பு நீக்க வேண்டி வந்தவர்கள் அவர்களில்தான் சற்று அதிகம், 0.7 சதவீதம், மற்றவர்களில் 0.2. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் இரு பிரிவும் தோளோடு தோள் நின்றன. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2,203 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு அதைவிடக் கசப்பானது. ஒரு வருடம் கழித்துத் திறந்திருந்த ஒட்டுக் குழாய்கள், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போகத் தைத்த குழாய்கள், நிறுத்தாத முறையில் 82.6 சதவீதம், நிறுத்திய முறையில் 87.8. ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் முறையே 15.2, 11.9 சதவீதம். அங்கே அறுவை செய்தவர்களுக்கு நிறுத்தாத முறையில் போதிய கைப்பழக்கம் இல்லை என்ற விமர்சனமும் உண்டு. எனக்கு அந்த விமர்சனம்தான் பாடம். கை பழகாத முறையில் ட்ரோபோனின் குறைந்து என்ன பயன், தைத்த குழாய் அடைத்துக்கொண்டால்?

ஆகவே என் வீட்டில் ஒருவருக்கு பைபாஸ் என்றால், முறையின் பெயரைக் கேட்க மாட்டேன். "நீங்கள் வாரந்தோறும் செய்வது எது?" என்று அறுவை நிபுணரைக் கேட்பேன். மகாதமனி முழுக்கச் சுண்ணாம்பு படிந்தவருக்குக் கிளாம்ப் போட்டால் துகள் உடைந்து மூளைக்குப் போகக்கூடும். அவருக்கு நிறுத்தாத முறை நல்லது. தமனிகள் சிறுத்துத் தசைக்குள் புதைந்திருந்தாலோ, வால்வும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தாலோ நிறுத்துவதே நல்லது. அப்பாவின் அறுவைக் குறிப்பில் முன்பக்கத் தமனி தசைக்குள் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் அறுவை நிபுணரின் இடத்தில் நான் இருந்தாலும் அதைப் பார்த்த பிறகு இயந்திரத்தைத்தான் கேட்டிருப்பேன். நீங்கள் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

இனி 3,400. இதயத்தைத் தொட்டாலே ட்ரோபோனின் கசியும். இயந்திரக் குழாயை நுழைக்க இதயத்தின் மேலறையில் போடும் சிறு துளைகூடக் கணக்கில் சேரும். பைபாஸ் செய்த பெரும்பாலோருக்கு அது இயல்பு எல்லையின் பத்து மடங்கைத் தாண்டிவிடும். அதனால்தான் 2018இல் வந்த சர்வதேச வரையறை, பத்து மடங்கு ஏறினால் மட்டும் போதாது, கூடவே ஈசிஜியில் தசை இறந்ததைக் காட்டும் புதிய மாற்றமோ, எக்கோ ஸ்கேனில் புதிதாக அசைவிழந்த தசையோ, ஒட்டுக் குழாய் அடைத்ததற்கான சான்றோ இருந்தால்தான் அறுவை மாரடைப்பு என்று சொல்ல வேண்டும் என்கிறது. 2022இல் வந்த ஓர் ஆய்வில் 13,862 பேரின் ட்ரோபோனின் ஐ அளவைப் பார்த்தார்கள். பைபாஸோ மகாதமனி வால்வு மாற்றமோ மட்டும் செய்தவர்களில், முதல் ஒரு நாளுக்குள் 5,670ஐ, அதாவது எல்லையின் 218 மடங்கைத் தாண்டினால்தான் முப்பது நாள் மரண ஆபத்து தெளிவாகக் கூடியது. இரண்டாம், மூன்றாம் நாளில் அந்தக் கோடு 1,522. அப்பாவுக்கு முதல் நாள் 3,400, இரண்டாம் நாள் 1,300, மூன்றாம் நாள் 520. மாமா முதல் எண்ணை மட்டும் படித்திருக்கிறார். அதன் கீழேயே இறங்குமுகமாக இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. எண் ஏறிக்கொண்டே போயிருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன். அப்போது அவர்கள் அந்த இரவே ஆஞ்சியோகிராம் எடுத்திருப்பார்கள். கிளாம்ப் நேரம் 58 நிமிடம் என்று போட்டிருக்கிறது. மூன்று ஒட்டுக்கு அது நல்ல வேகம்.

எக்கோவில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு அறுவைக்கு முன் 52 சதவீதமாக இருந்து ஐந்தாம் நாள் 48 ஆனதையும் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறீர்கள். ஒரே இதயத்தை ஒரே நாளில் இரண்டு பேர் பார்த்தாலே நாலைந்து புள்ளி கூடக்குறைய வரும். தவிர, பட்டினி கிடந்து மீண்ட தசை சில நாள், சில வேளை சில வாரம், திகைத்துப்போய் மந்தமாக இருக்கும், உயிரோடுதான் இருக்கும். "இடைச்சுவர் அசைவு இயல்பாக இல்லை" என்ற வரியும் உறையைத் திறந்த எல்லா அறுவைகளுக்குப் பின்னும் அடிக்கடி வருவதுதான். மூன்று மாதம் முடியும்போது இன்னோர் எக்கோ எடுங்கள். இதயம் எப்படி இருக்கிறது என்பதற்கு அந்தத் தாள்தான் பதில். முடிந்தால் முதலில் எடுத்த இடத்திலேயே எடுங்கள்.

பால்வெட்டு. இதில் எனக்கு இதயத்தைவிட நெஞ்செலும்பைப் பற்றித்தான் கவலை. கம்பி போட்டுக் கட்டிய எலும்பு உறுதியாகச் சேர மூன்று மாதம் ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும். கத்தியை மரத்தைச் சுற்றி இழுப்பது லேசாகத் தெரிந்தாலும் இரண்டு தோளும் சேர்ந்து இழுக்கும் வேலை. முந்நூறு மரம் என்றால் முந்நூறு இழுப்புக்கு மேல். பால் நிறைந்த வாளியோடு சரிவில் ஏறுவது அதைவிட மோசம். எல்லாவற்றிலும் மோசம் ஷீட் அடிக்கும் ரோலரின் கைப்பிடி. மூன்று மாதம் முடிந்து மருத்துவர் பார்த்த பிறகு ஐம்பது மரத்தில் தொடங்கட்டும். வாளியும் ரோலரும் அதற்கும் பிந்தி. இப்போதைக்கு விடிந்த பிறகு தோட்டத்துக்கு நடந்து போய் வரலாம், வெட்டுகிறவர்களைக் குறை சொல்லலாம், சிரட்டை கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்தலாம். வெட்டத் தொடங்கும்போதும் முதல் சில வாரம் இருட்டில் நெற்றி விளக்கோடு தனியாகப் போக விடாதீர்கள். ஒரு துணை இருக்கட்டும்.

ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை மூன்றையும் "உடம்பு தேறிவிட்டது" என்று நிறுத்த விடாதீர்கள். தைத்த குழாய்கள் திறந்திருப்பதில் முதல் இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பாருங்கள். மரச்சீனிக் கிழங்கு தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதை அம்மா கவனிக்கட்டும். இருமும்போது நெஞ்செலும்பு நறநறவென்று அசைந்தாலோ, காயத்தில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு படபடப்பு நிற்காமல் ஓடினாலோ அன்றே காட்டுங்கள். அறுவைக்கு முன் வந்த அதே நெஞ்சு வலி திரும்ப வந்தால் திருவனந்தபுரம் வரை யோசிக்காமல் 108ஐ அழைத்து, பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

மாமாவிடம் சண்டை வேண்டாம். அவருடைய அறுவையும் நன்றாகவே நடந்திருக்கிறது. ஆனால் அவர் தாளில் ஒன்றைக் கவனித்தேன்: கொழுப்பு மாத்திரையை இரண்டாம் மாதத்தோடு நிறுத்தியதாகக் கையால் எழுதியிருக்கிறது. யார் நிறுத்தச் சொன்னது என்று கேளுங்கள். தானாக நிறுத்தியிருந்தால், ட்ரோபோனினைப் பற்றி அம்மாவிடம் பேசிய அந்த நேரத்தில் அவர் தன் மருத்துவரைப் போய்ப் பார்த்திருக்கலாம்.

கடைசியாக ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள், அப்பாவின் இடது கால் மட்டும் மாலையில் வீங்குகிறது என்று. சிரை எடுத்த கால் அதுதானே? நாள் முழுக்கத் திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு முக்காலியைப் போட்டுக் காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். இன்னும் சில வாரத்தில் வற்றிவிடும். கெண்டைக்கால் வலித்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ மட்டும் காத்திராமல் காட்டுங்கள்.